ஆக்சிலுக்கு வைத்த மூன்றாவது பொட்டு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கூடத்தில் தொங்கும் தூளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "பாப்பா தூங்குதா?" என்று சைகையில் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து, வேலைக்குப் போய், இப்போது எனக்கே போனில் புத்தி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள். தூளியில் இருந்தது பாப்பா இல்லை, காரின் பின்சக்கரத்து ஆக்சில். எட்டு கிலோ இரும்பு. அதை என் பழைய வாயில் புடவையில் போட்டுத் தொங்கவிட்டவளே நான்தான்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் இழுத்துவிட்டு, ஏழாவது நாள் எங்கள் பழைய காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த மாடல் கார் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. உதிரி பாகம் எங்கே கண்ணில் பட்டாலும் இன்றைக்குத் தேவையா என்று யோசிக்காமல் வாங்கி வந்துவிடுவார். கேட்டால், "நாளைக்குக் கெடைக்காது மே" என்பார். அது உண்மைதான். ஆனால் வாங்கி வந்ததை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். இரண்டு தெரு தாண்டினால் கடல். இந்தக் காற்றில் ஜன்னல் கம்பி, கேட்டுப் பூட்டு, ரவிக்கை ஊக்கு எல்லாமே துருப்பிடிக்கும். இவரோ கார்புரேட்டரை கேஸ் அடுப்புக்குக் கீழே வைப்பார், பேரிங்கைக் காலுறைக்குள் போட்டு டிவி மேல் வைப்பார். நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். நட்டு போல்ட்டுக்குக்கூட இடம், எண், சீட்டு என்று இருக்கும் இடத்தில் பகலெல்லாம் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து புளி டப்பாவுக்குள் ஸ்பார்க் பிளக்கைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு நாள் எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் கொட்டி, "இன்னிலேருந்து இதுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் சோறு வராது என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும் என்பதால் பெல்ட்டும் ஹோஸும் பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருட்டில் இருக்கும். சுருட்டினால் கேஸ்கெட் உடைந்துவிடும், ஆகவே அது அட்டை வைத்து மெத்தைக்கு அடியில் படுத்திருக்கும். கை வியர்வையே போதும் பேரிங்கைக் கெடுக்க, அதனால் மெழுகுக் காகிதத்தைப் பிரிக்காமல் முறுக்கு டின்னில் போட்டு மூடியாகிவிட்டது. அடுப்பு எரிகிற வீட்டுக்குள் பேட்டரிக்கும் பெட்ரோல் கேனுக்கும் இடமே கிடையாது. ஒரு மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு எதையும் தரையில் வைப்பதில்லை. ஆக்சிலை மூலையில் சாய்த்து வைத்தால் யார் காலிலாவது விழும், பரணில் வைக்க இடம் இல்லை. பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய கொக்கி மட்டும் கூரையில் சும்மா இருந்தது. எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, புடவையில் போட்டுத் தொங்கவிட்டேன்.

ஒரு ரெஜிஸ்டரும் போட்டேன். எதை எடுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு ஃபேன் பெல்ட்டு எடுக்க எழுதிக் குடுக்கணுமா? நான் உன் புருசன் மே!"

"ஸ்டோர்ஸ்ல புருசனும் கெடையாது, மாமியாரும் கெடையாது. எழுதுய்யா."

எழுதினார். கையெழுத்து கோணலாக இருந்தது என்று திரும்பவும் எழுத வைத்தேன். அப்படி ஒரு கெடுபிடி அப்போது எனக்கு.

இவ்வளவு பேசுகிற நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் அரிவாள்மனை, சுத்தியல், தையல் மெஷின், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தொழிற்சாலையிலும் அப்படித்தான், லேத் மெஷின் முதல் தராசு வரை வைப்போம். காருக்கு வைக்கும்போது அதன் உதிரி பாகத்துக்கு வைக்காமல் விடலாமா? என் கணக்கில் அதுவும் காரின் உடம்புதான். ஆனால் எண்ணெய் பூசிய இரும்பில் சந்தனம் நிற்காது, வழுக்கிக் கீழே வந்துவிடும். ஆகவே ஆக்சிலில் மூன்று இடத்தில், இரண்டு முனையிலும் நடுவிலும், துணியால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பேன். மறுநாள் அப்படியே மேலே எண்ணெய் பூசித் திரும்பச் சுற்றிவிடுவேன். அடுத்த வருடம் மேலிருக்கும் எண்ணெயை மட்டும் ஒற்றி எடுத்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பேன்.

"சந்தனத்துல தண்ணி கீது மே. தொடச்சிட்டு கட்டு," என்று ஒவ்வொரு வருடமும் அவர் சொல்வார்.

"வெச்ச பொட்டைத் தொடைக்கவா? நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுய்யா," என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். சுமங்கலியாக இருந்துகொண்டு ஒரு பொட்டைத் துணியால் துடைத்து எடுக்க எனக்குக் கை வராது. அதை அவரிடம் விளக்கிச் சொன்னதும் இல்லை, கோபப்பட்டுச் சமாளித்துவிடுவேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய தோஸ்து ஆட்டோவில் வந்து இறங்கினார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ராயபுரத்தில் மீன்பிடி வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் காரும் அவருடைய காரும் ஒரே மாடல். இரண்டு பேரும் ஒரே ஹாரனுக்காகப் பழைய இரும்புக் கடையில் சண்டை போட்டுத்தான் நண்பர்கள் ஆனார்கள். மறுநாள் அவருடைய மகளுக்குக் கல்யாணம், அதற்காக நாங்கள் இரண்டு பேரும் லீவு போட்டிருந்தோம். பத்திரிகை எங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

"தங்கச்சி, மாமு கீறானா?" என்றவர் உட்காரக்கூட இல்லை. "ஆக்சில் ஒடஞ்சி பூட்ச்சு. டொக்குனு ஒரு சத்தம், அப்பால எஞ்சின் மட்டும் ஓடுது, வண்டி நகர மாட்டேங்குது."

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் கார் ஓட்டப் பழகியதே அந்த வண்டியில், அப்பா பக்கத்தில் உட்கார. நிச்சயத்தின்போது மாப்பிள்ளை, "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டிருக்கிறார். நகை, ஊர் என்று ஏதாவது சொல்வாள் என எல்லோரும் காத்திருக்க, "கல்யாணம் முடிஞ்சு மண்டபத்துலேருந்து உங்க வூட்டுக்கு எங்க காரை நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றாளாம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். பாய் அதை ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய அண்ணனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பொண்ணு ஓட்டுவதா, அதுவும் அந்த ஓட்டை வண்டியிலா என்று சொல்லி, பூ அலங்காரத்தோடு ஒரு வெள்ளைக் காரை வாடகைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"அவ அழுதாக்கூட தாங்கிக்குவேன் நைனா," என்றார் பாய் என் வீட்டுக்காரரிடம். "கம்முனு உக்காந்துகினு கீறா. அதான் எனக்கு பேஜாராக் கீது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தூளியைப் பார்த்தேன். அந்த மாடல் ஆக்சில் மெட்ராஸ் முழுக்க அலைந்தாலும் ஒரே நாளில் கிடைக்காது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்று தொங்குகிறது. அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல! பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன். பாயிடம் ரெஜிஸ்டரை நீட்டிக் கையெழுத்துகூட வாங்கினேன். பிறகுதான் தாளைப் பிரித்துக் காட்டினேன்.

நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் துரு. பல் வெட்டியிருக்கும் முனைக்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று. இரண்டும் வட்டமாக, அழகாக, நான் வைத்த இடத்திலேயே இருந்தன.

என் முகம் சூடாகிவிட்டது. ஒரு கோணல் கையெழுத்துக்காக என்னிடம் எவ்வளவு திட்டு வாங்கியவர் என் வீட்டுக்காரர்! எதிராளி மாட்டிக்கொண்டாள் என்று அவர் பிடித்துக்கொள்வார் என நினைத்தேன். அவர் ஆக்சிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து பாய். இந்த ஏரியால இன்னா வெச்சாலும் இதே கதிதான்," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது ஒரு மேட்டரா? ரெண்டும் சும்மா கெடக்குற எடம். எமிரி பேப்பர் வெச்சு ரெண்டு தேய் தேய்ச்சா பூடும்," என்று சொன்ன பாய், ஆக்சிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார். போகும்போது, "தங்கச்சி, உன் ரெஜிஸ்டர் வாழ்க!" என்று கத்திவிட்டுப் போனார்.

வீட்டு வேலையெல்லாம் முடித்து, மதியம் ஆன பிறகுதான் நான் நண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மூன்றாவது நண்டின் ஓட்டை உடைக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு பொட்டுத்தான் தெரிந்தது. நான் வைத்தது மூன்று.

மூன்றாவது, சக்கரம் மாட்டுகிற முனைக்குப் பக்கத்தில். அது முக்கியமான இடம் என்று அங்கே மட்டும் எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அள்ளிப் பூசி, தனியாக ஒரு தாள் சுற்றி நூல் கட்டியிருந்தேன். அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்டோர்ஸில் எத்தனை ஆயில் சீல் எடுத்துக் கொடுத்திருப்பேன், சீல் எந்த இடத்தில் உட்காரும் என்று எனக்குத் தெரியாதா? அங்கே குழி விழுந்திருந்தால் ஆயில் கசியும். கசிகிற ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். பிரேக் பிடிக்காது. கல்யாணப் பட்டுடன் அந்தப் பெண் தண்டையார்பேட்டை சிக்னலில் பிரேக்கை மிதிப்பது என் கண் முன்னால் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் நான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. மெக்கானிக் துடைத்துப் பார்ப்பான், பார்த்துச் சரிசெய்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்புக் காற்று என்ற சாக்கு வேறு கையில் தயாராக இருந்தது. அப்புறம் நண்டைச் சட்டியோடு விட்டுவிட்டு, குளித்துக்கொண்டிருந்தவரின் கதவைத் தட்டினேன்.

"யோவ், மூணாவது பொட்டு ஒண்ணு கீதுய்யா."

"எங்க வெச்ச?"

"சீல் உக்கார்ற எடத்துல."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரத் தலையோடு வெளியே வந்து காரை எடுத்தார். பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கல்யாண வீட்டுச் சத்தத்தில் எங்கே கேட்கும்? மெக்கானிக் எப்போதுமே எடுக்க மாட்டான், கையெல்லாம் கிரீஸ். அவனுடைய ஷெட் கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் போய்ச் சேரவும் கேட் மூடவும் சரியாக இருந்தது. கூட்ஸ் வண்டி. போய்க்கொண்டே இருந்தது. பாதியில் நின்றும்விட்டது. நான் காரிலிருந்து இறங்கி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எடுய்யா வண்டிய! ஒரு பொண்ணோட கல்யாணம்யா!" என்று கத்தினேன். பைக்கில் நின்றவர்கள் எல்லோரும் ரயிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்து, "கத்தாத மே. கூட்ஸுக்கு காது கெடையாது," என்றார்.

ஷெட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆக்சில் உள்ளே போய், சக்கரமும் மாட்டி, மெக்கானிக் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணப் பெண் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டிலும் மருதாணி ஈரம், எதையும் தொட முடியாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். துடைத்தது, பொட்டு வைத்தது, அதன் மேலேயே கிரீஸ் பூசியது, வீட்டுக்காரர் எனக்காகப் பொய் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டான். "யக்கா, நாலு மணி நேரம் குனிஞ்சி மாட்டிகினு கீறேன், இப்ப வந்து சொல்றியே!"

"அந்த முனைய தொடச்சியாப்பா?"

"எதுக்குத் தொடைக்கணும்? நல்லா கிரீஸ் அப்பிக் கீதேன்னு அப்படியே தள்ளிட்டேன்."

பாய் ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். மறுபடி சக்கரம் கழன்றது, டிரம் கழன்றது, ஆக்சில் வெளியே வந்தது. மெக்கானிக் துணியால் கிரீஸை வழித்தான். உள்ளே செம்பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது, நடுவில் குங்குமச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். நகம் மாட்டியது.

"தேய்ச்சாலும் குழி போவாது," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்காமல் ஆக்சிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா பொட்டுக்கு அந்தாண்ட கண்ணாடி மாதிரி கீது. ஆயில் சீலை ஒரு நூல் அளவு உள்ள தள்ளி அடிச்சா, புது எடத்துல போய் உக்காரும். ஒரு சொட்டு வெளிய வராது."

அப்படியே செய்தான். பழுப்பைத் தேய்த்து எடுத்து, ஆயில் சீலை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி அடித்து, எல்லாவற்றையும் மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அந்தப் பெண் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மருதாணி காய்ந்து உதிர்ந்தது. அவளுக்கு நான்தான் டீ டம்ளரை வாயில் பிடித்துக் குடிக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய் எம்.கே.பி. நகர் வரை ஓட்டி, வழியெல்லாம் பிரேக் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, "கெத்தா புடிக்குது" என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"சாமி கும்புடு யக்கா, வேணாங்கல. டப்பாவுக்கு பொட்டு வெய்யி, போதும்."

மறுநாள் மண்டபத்து வாசலில் வெள்ளைக் கார் பூவோடு நின்றது. யாரும் அதில் ஏறவில்லை. பாயின் அண்ணன் அதன் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு பழைய காரின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, பயப்படாத மாதிரி நடித்தார். முதல் கியரில் ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். பின்னாலேயே நாங்கள் எங்கள் காரில் போனோம். தண்டையார்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் என் காலால் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் வண்டி கோட்டுக்கு முன்னாலேயே நின்றது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பட்டுப் புடவையோடு குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தால் அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, சொட்டுதா?"

"இல்லடி கண்ணு. நீ எறங்கு," என்றேன். செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து பாய் மறுபடி ஆட்டோவில் வந்தார். ஒரு பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கினார். அவருடைய அத்தா சேர்த்து வைத்த உதிரி பாகங்கள். பெட்டியில் அடங்காத ஒரு நீள ஸ்டியரிங் ராடு தனியாகக் கோணியில் சுற்றியிருந்தது. கடை மாடியில் எல்லாம் துருவேறிக்கொண்டிருக்கிறது, இனிமேல் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"பாய், கெடுத்து வெச்சவளே நான். என்கிட்டயா குடுக்குறீங்க?"

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரியுமா? ஸ்டியரிங்ல உக்காந்தது என் பொண்ணாச்சே!" என்றார். "கேட்டாண்ட நின்னு கூட்ஸ் வண்டியையே மெரட்டனியாமே, மாமு சொன்னான். எழுது தங்கச்சி. ரெஜிஸ்டர எடுத்துகினு வந்து எழுது."

எழுதினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதியதில் என் கையெழுத்தும் கோணலாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. ஸ்டியரிங் ராடுக்கு எண்ணெய் பூசித் தாளில் சுற்றி, காலியாக இருந்த தூளியில் அவரும் நானுமாகப் படுக்க வைத்தோம்.

பாய் கிளம்புவதற்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டு ஏதோ நினைவில் கொஞ்சம் நின்றார். மகள் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று அதற்கு முன்புதான் சொல்லியிருந்தார். செருப்பைத் திரும்பவும் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தூளியை மெல்ல ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனார்.